சூட்டுப்பட்டையில் வைத்த சந்தனம்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, புனேயில் மழை உண்டா என்றெல்லாம் நேற்று போனிலேயே கேட்டு முடித்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மழையைப் பற்றி மட்டும் நான்கு தடவை பேசினேன். "அப்பா, மழை பெய்யுதுன்னுதான் சொல்லிட்டேனே" என்று நீ சலித்துக்கொண்டபோது உன் அம்மா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். இன்று காலையிலிருந்து இது மூன்றாவது தாள். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து பின்கட்டுக்குப் போகிறேன், சேவுப் பாக்கெட் ஒட்டுகிற மெஷினைத் தொட்டுப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். பசுமலை முக்கில் இருக்கிற கூரியர்க்காரர் ஐந்து மணிக்குப் பையைக் கட்டிவிடுவார். இன்று வியாழன். இன்றைக்குப் போனால்தான் சனிக்கிழமை உனக்குக் கிடைக்கும். திங்கட்கிழமை நீ உன் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இது உன் கைக்கு வரவில்லையென்றால் நான் எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை.

நீ நேற்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் காதில் சரியாக வாங்கினேனா என்று பார். மறுபடி உருக்கிப் பயன்படுத்தக்கூடிய, ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கவருக்கென்று உன் கம்பெனியில் தனிப் பிரிவு தொடங்குகிறார்கள். அதை நீ பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்கிறார்கள். நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். ஏன் என்று கேட்டேன். "நம்ம வீட்டுலயே ஒருக்கா கெடுத்தாச்சுல்லப்பா. காத்துப் புகாம ஒட்டுற வித்தை எனக்கு வராது. திரும்ப ஒரு தடவ நாலு பேரு முன்னாடி நிக்க முடியாது" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். சிரிக்கக்கூடச் செய்தாய். நான்தான் உடனே மழைக்குப் போய்விட்டேன்.

பாப்பா, நீ கெடுக்கவில்லை. கெடுத்தது நான். அது ஐந்து வருஷமாக எனக்குத் தெரியும். முதல் இரண்டு தாளிலும் இந்த வரிக்கு வருவதற்குள் தாள் முடிந்துபோனது, அதனால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி எப்படி என்று சொல்கிறேன்.

உனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது நமக்கு மெஷின் கிடையாது. காராச்சேவை எடை போட்டுக் கவரில் கொட்டி, கவர் வாயை ஒரு ரம்ப பிளேடில் மடித்து, மெழுகுவர்த்தித் தீயில் ஒரு இழுப்பு இழுத்து ஒட்டுவோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்பா, சூட்டோட இழுக்காதீங்க, பிரிஞ்சுக்கிருது. கொஞ்சம் ஆறட்டும்" என்பாய். நான் கேட்க மாட்டேன். எனக்கு எல்லாம் வேகம். அப்புறம் காலால் மிதித்துக் கவர் வாயை ஒட்டுகிற மெஷின் வந்தது, வெள்ளி நிறத்தில் பளபளக்கிற கவர் வந்தது. அந்தக் கவரில் வெளிப்பக்கம் ஒரு வகைப் பிளாஸ்டிக், உள்பக்கம் வேறு வகை. வெளிப்பக்கம் எவ்வளவு சூட்டையும் தாங்கும். உள்பக்கம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். சூட்டைக் கூட்டுகிற டயலைக் கடைசி வரை திருகிவிட்டு ஓங்கி மிதித்தால் போதும். என்னை மாதிரி அவசரக்காரனுக்கென்றே செய்த கவர் அது. சேவு ஒரு மாசம் ஆனாலும் மொறுமொறுவென்று இருந்தது. உன் பேரையே அதில் அச்சடித்தோம்.

நீ சென்னையில் பிளாஸ்டிக் படிப்பு முடித்து வந்த வருஷம், சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் உன்னை ஆற்றுப்பக்கம் கூட்டிப்போனதே தப்பு. அழகர் வந்து போன மணலில் எங்கே பார்த்தாலும் வெள்ளிக் கவர். அதில் பாதி நம் கவர். ஒவ்வொன்றிலும் உன் பேர். நீ குனிந்து ஒன்றை எடுத்தாய், பேரைத் துடைத்துப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து, தெருவில் போன பழைய பேப்பர்க்காரரை நிறுத்தி, பழைய கவரெல்லாம் போட்டு வைத்த ஒரு சாக்கைக் காட்டினாய். அவர் பால் கவரை மட்டும் பொறுக்கி எடுத்துத் தராசில் வைத்தார். நம் கவரைத் திரும்ப உன் கையில் கொடுத்தார். "இது ரெண்டு ஜாதிப் பிளாஸ்டிக்க ஒண்ணா ஒட்டுனதும்மா. உருக்கவும் ஆகாது, பிரிக்கவும் ஆகாது. நான் எடுத்துட்டுப் போனாலும் எவனும் வாங்க மாட்டான்" என்றார். அன்று சாயங்காலமே நீ ஆரம்பித்துவிட்டாய். இரண்டு பக்கமும் பால் கவர் குடும்பத்துப் பிளாஸ்டிக்கிலேயே ஒரு கவர் செய்யலாம், வெளிப்பக்கம் கொஞ்சம் முறுக்கானது, உள்பக்கம் கொஞ்சம் இளசு, இரண்டையும் சேர்த்தே உருக்கலாம், மூன்று வாரத்தில் விற்றுத் தீர்கிற சரக்குக்கு அது போதும் என்றாய். எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்குத் தலையாட்டினேன்.

அதில் இருந்த வம்பு ஒட்டுவதில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் என்பதால் உள்பக்கம் உருகுகிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனால் வெளிப்பக்கமும் இளகிச் சுருங்கிவிடும். கொஞ்சம் கீழே போனால் ஒட்டினது மாதிரி இருந்து, விரலால் அமுக்கினால் பிரிந்துவிடும். இடையில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தைத் தேடித்தான் நீயும் நம் பேச்சியும் ஒரு மாசம் மெஷின் முன்னாலேயே கிடந்தீர்கள். பேச்சி உசிலம்பட்டிப் பக்கம், பள்ளிக்கூடமே போகாதவள், இருபது வருஷமாக நம்மிடம் வேலை பார்க்கிறவள். நீ சொல்வதை என்னைவிட அவள்தான் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். சேவின் எண்ணெயும் தூளும் கவர் வாயில் படாமல் இருக்கப் புனல் வைத்தீர்கள். கவர் பட்டையில் ஒட்டாமல் இருக்க, சூடாகிற இரும்புப் பட்டைமேல் டெஃப்லான் துணியை இழுத்துக் கட்டினீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் வாளித் தண்ணீரில் முக்கி அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தீர்கள். கடைசியில் ஒருநாள் நீ சுவரில் பென்சிலால் எழுதினாய்: டயல் ஆறாவது கோட்டுக்கும் ஏழாவது கோட்டுக்கும் நடுவில், நாலு எண்ணும்வரை அமுக்கு, மூணு எண்ணும்வரை ஆறவிடு. பேச்சி சத்தமாக எண்ணிக்கொண்டே மிதிப்பாள். மூன்று மாசம் ஒரு பாக்கெட் திரும்பி வரவில்லை. ஊரெல்லாம் "என் மகள் கண்டுபிடிச்ச கவர்" என்று பீற்றிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு குடைச்சலும் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் ஓங்கி மிதித்ததெல்லாம் என்ன கணக்கு என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது எழுந்து ஒரு தடவை பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள்: "எழுதுறது இன்னுமா அந்த ஆயுத பூஜைக்கு வரல? எம்புட்டு நேரந்தான் எழுதுவீங்க? முடியலைன்னா சொல்லுங்க, நானே போன் போட்டுச் சொல்லிப்புடுறேன்." அவளுக்கு நேற்றுதான் எல்லாம் சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் முன்னால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆயுத பூஜை. நாம் எப்படிக் கொண்டாடுவோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் நீ சென்னையில் ஒரு சிநேகிதி கல்யாணத்துக்குப் போயிருந்தாய். மெஷினைத் துடைத்தேன். பழைய டெஃப்லான் துணியைக் கழற்றினேன். எல்லாரும் மெஷின் உடம்பில்தான் சந்தனம் வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. வேலை பார்ப்பது அந்தப் பட்டைதானே, அதற்கு வைக்காமல் தகரத்துக்கு வைத்தால் என்ன மரியாதை என்று, பட்டையிலேயே மூன்று பொட்டு, நல்ல கெட்டியாக, மேலே குங்குமமும் வைத்தேன். பழைய வெள்ளிக் கவர்க் காலத்திலும் அப்படித்தான் வைப்பேன். அப்போது துணி கிடையாது, மறுநாள் கத்தியால் சுரண்டிவிடுவோம், மிச்சம் இருந்தாலும் சூட்டில் கருகிப்போகும். இந்தத் தடவை பூஜைக்குப் புதுத்துணி உடுத்துகிற மாதிரி மெஷினுக்கும் புதுத்துணி போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பொட்டுக்கு மேலேயே புது டெஃப்லானை இழுத்துக் கட்டிவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். விஜயதசமி அன்று டயலைப் போட்டதும் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. துணிக்கு அடியில் மூன்று மேடு. கவர் அந்த இடத்தில் சரியாகப் படியாமல் பக்கத்தில் ஊசி நுழைகிற அளவு வழிவிட்டுவிட்டது.

வாளி இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வாளியைப் பூஜைக்குப் பூப் போட எடுத்தவன் நான்தான். தீபாவளி ஆர்டர் குவிந்துகிடக்கிறது, முக்கிப் பார்க்கவெல்லாம் நேரமில்லை என்று அதைத் திரும்பக் கொடுக்காதவனும் நான்தான். நாலாம் நாள் பேச்சி மனசு கேட்காமல் குடிக்கிற சொம்பிலிருந்து தண்ணீரைத் தட்டில் ஊற்றி, ஐந்தாறு பாக்கெட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணே, எல்லாப் பாக்கெட்டுலயும் ஒரே எடத்துல குமிழி வருதுண்ணே. மூணு எடம். அளந்து வச்ச மாதிரி இருக்கு. மெஷின நிறுத்துங்கண்ணே, பாப்பா வரட்டும்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் வேலையப் பாரு. இம்புட்டு நாளும் பாப்பா வந்தா தொழில் நடந்துச்சு?" என்றேன். நீ ஊரிலிருந்து வந்த பிறகும் அவளை உன்னிடம் பேசவிடவில்லை. சமையல் பக்கம் மாற்றிவிட்டேன். பேச்சி சொன்னது உன் காதில் விழுந்திருந்தால் நீ அரை நிமிஷத்தில் பட்டையைக் கழற்றியிருப்பாய். அது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரிந்தது. தெரிந்துதான் சொல்லவில்லை. சந்தனத்தை வைத்தது அறியாமல் செய்தது, பாப்பா. பேச்சியின் வாயை அடைத்தது அறிந்தே செய்தது.

தீபாவளி முடிந்து பத்தாம் நாள் அழகர்கோவில் ரோட்டுக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். நாம் இருவரும் ஸ்கூட்டரில் போனோம். கடைக்கார அண்ணாச்சி மூன்று அட்டைப்பெட்டியை வாசலில் போட்டு வைத்திருந்தார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து உன் கையில் கொட்டினார். சேவு நமுத்துப்போய் இருந்தது, கடித்தால் சத்தமே இல்லை. "தீவாளிக்கு வாங்கிட்டுப் போனவுக எல்லாம் திரும்பக் கொண்டாந்து வீசுறாக. ஏம்மா, நீ படிச்ச படிப்பைச் சோதிக்க எங்க கடைதான் கெடச்சுதா?" என்றார். சரக்கு வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நீ கையில் சேவை வைத்துக்கொண்டே, "என் தப்புதான் அண்ணாச்சி. அப்பாவச் சொல்லாதீங்க. கவர மாத்தச் சொன்னது நாந்தான்" என்றாய். பேச்சி சொன்னது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் சரியாக விழவில்லை என்று குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஸ்டாண்ட் நன்றாகத்தான் நின்றது.

அதற்கப்புறம் நீ சண்டை போடவில்லை, அழவில்லை. மெஷினைத் திறந்து பார்க்கவும் இல்லை. எதையும் திறந்து பார்க்காமல் விடாத பிள்ளை நீ. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாய். நான் வெள்ளிக் கவருக்கே திரும்பினேன். டயலைப் பழையபடி கடைசி வரை திருகினேன், அந்தச் சூட்டில் உள்பக்கம் உருகி ஓடி மேட்டையும் பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டது. நீ புனேக்கு வேலை எழுதிப் போட்டாய். மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "வாரேன்ப்பா. பேச்சியக்காவத் திட்டாதீங்க" என்றாய். உன் கவர் ரோல் ஒன்று மீதம் இருந்தது, அதை மேலே பரணில், நம் அட்டத்தில் தூக்கிப் போட்டேன்.

பொங்கல் முடிந்து டெஃப்லான் கருகிப்போனதால் அதைக் கழற்றினேன். உள்பக்கம் மூன்று பழுப்புப் பொட்டு, நடுவில் கொஞ்சம் சிவப்பு. பட்டையில் மூன்று மேடு. பேச்சி அளந்து வைத்த மாதிரி இருக்கிறது என்றாளே, அதே மூன்று இடம். அன்றைக்கே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போட்டேன். அன்றைக்கும் மழையா குளிரா என்றுதான் கேட்டேன். துணியை வெட்டி மடித்து என் பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். நீ சுவரில் எழுதின எண்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினேன். வருஷா வருஷம் புதுக் காலண்டர் வந்தால் மற்ற இடத்துக்கு மாட்டுகிறேனோ இல்லையோ, அங்கே முதலில் மாட்டிவிடுவேன். நீ அங்கே போய் நல்ல சம்பளத்தில் நன்றாகத்தானே இருக்கிறாய், எதற்குப் பழசைக் கிளற வேண்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று நீ "எனக்கு வராது" என்றதும் அந்தச் சமாதானமெல்லாம் போய்விட்டது.

இன்று காலை பேச்சியை வரச்சொல்லி, அவளிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கென்னண்ணே, நான் சோத்தாக்கியே காலத்தத் தள்ளிட்டேன். பிள்ளைகிட்ட சொன்னீகளா?" என்றாள். காலண்டரைக் கழற்றினேன். உன் எழுத்து அப்படியே இருக்கிறது. அட்டத்திலிருந்து உன் ரோலை எடுத்தோம். கிடந்து கிடந்து மேலே மாவு பூத்த மாதிரி இருந்தது, உலர்ந்த துணியால் துடைத்தோம். பட்டையைப் பளபளவென்று தேய்த்து, புதுத் துணி கட்டி, டயலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வைத்தோம். முதல் நாலு பாக்கெட் தேறவில்லை. ரோல் கெட்டுவிட்டதோ, இனி எதைக் காட்டி உன்னை நம்பவைப்பேன் என்று இங்கும் அங்கும் நடந்தேன். "நீங்க மிதிச்சா எப்புடிண்ணே ஒட்டும்? நீங்க ரெண்டு எண்ணுறதுக்குள்ள கால எடுத்துடுறீக. தள்ளுங்க" என்று பேச்சி என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். நாலு எண்ணினாள், மூணு ஆறவிட்டாள். அதற்குப் பிறகு போட்ட பாக்கெட் ஒன்றிலும் குமிழி இல்லை. அவளிடம் கேட்டுக் கடைசிப் பாக்கெட்டை மட்டும் நான் போட்டேன். சத்தமாக எண்ணினேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பேச்சியிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள். ஓட்டை எங்கெங்கோ மாறி மாறி வந்தால் கவரைச் சந்தேகப்படு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அமுக்குகிற பட்டையைக் கழற்றிப் பார். அந்தப் பட்டை உன் அப்பாவாக இருந்தாலும் கழற்றிப் பார்த்துவிடு. உன்னிடம் வேலை பார்க்கிறவர்களில் பேச்சி மாதிரி ஒருத்தி வந்து ஒரு விஷயம் சொன்னால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேள். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் ரோட்டுக்குப் போகிறேன். அண்ணாச்சி கடையில் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், அன்றைக்கு நடந்ததைச் சொல்லப் போகிறேன். உன் அம்மாவும் வருகிறாளாம், நான் வழியில் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடக் கூடாதாம்.

மணி நாலரை. உன் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இந்தப் பார்சலில் இரண்டு இருக்கிறது. ஒன்று மடித்த துணி. அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், மூன்று பொட்டும் தெரியும். அது என்னுடையது, உன்னுடையது இல்லை. இன்னொன்று காராச்சேவுப் பாக்கெட், நான் போட்டது. உடனே பிரிக்காதே. ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, பாக்கெட்டை உள்ளே முக்கி, இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிப் பார். குமிழி வந்தால் எனக்குப் போன் போட்டுத் திட்டு. வராவிட்டால் திங்கட்கிழமை போய்ச் சரி என்று சொல். சொல்லிவிட்டு அப்புறம் போன் போட்டுத் திட்டு.

அப்பா